வெட்டுப்புள்ளிக்குக் கீழே

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும், சித்தியடைந்த பிள்ளைக்குத் தோட்டத்தில் மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையை அன்றோடு மறந்துவிடுகிறோம்.

எனது வகுப்பில் அப்படி ஒரு மாணவி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் பக்கத்தில் நின்று, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த கிலோவையெல்லாம் மனதிலேயே கூட்டி, மாதக் கணக்கில் இருந்த பிழையைக் காட்டியவள். அந்தக் கெட்டித்தனத்துக்குப் பரீட்சையில் புள்ளி இல்லை.

சித்தியடைந்த பிள்ளைக்கும் பாதை இலேசல்ல. நகரப் பாடசாலையில் இடம் கிடைத்தாலும் பஸ் காசும் விடுதிச் செலவும் நாட்சம்பளத்தில் அடங்குமா? தோட்டத்திலேயே படித்துச் சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்தாலும், பக்கத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாவிட்டால் கலைப் பிரிவில்தான் போய் உட்கார வேண்டும். கலைப் பிரிவு குறைந்ததல்ல. ஆனால் அது பிள்ளை விரும்பி எடுத்ததாக இருக்க வேண்டும்.

வேகமாக விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அடுத்த கணக்கைக் கொடுக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்கும்போது அது நடக்காது.

கணித, விஞ்ஞான ஆசிரியர் நியமனத்தையும், பிள்ளைகள் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு விஞ்ஞானப் பிரிவையும் கேட்டு, வலயக் கல்வி அலுவலகத்துக்கு மகஜர் கொடுக்க இருக்கிறோம். தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் பெற்றோரின் கையொப்பங்களைச் சேர்த்துத் தாருங்கள்.