ஆசிரியர் எண்ணிக்கை: விகிதம் சொல்வதும் சொல்லாததும்



நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் ஒருசேரக் கேட்கின்றன. "எங்கள் பள்ளியில் ஆசிரியர் போதவில்லை" என்பது ஒரு குரல். "பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரே, இன்னும் என்ன குறை?" என்பது மற்றொரு குரல். வியப்பு என்னவென்றால், இரண்டும் உண்மையே! இரண்டும் எப்படி உண்மையாகின்றன என்பதை நாம் விளங்கிக்கொள்ளாதவரை, எத்தனை மனுக்கள் எழுதினாலும் அவை எடுபடப் போவதில்லை.

கடந்து வந்த பாதை

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816-ஆம் ஆண்டு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. அது பரவலானது தோட்டங்களில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பள்ளியைக் கேட்ட அந்தச் சட்டம் தகுதி பெற்ற ஆசிரியரைத் தந்துவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ பாடம் நடத்திய பள்ளிகள் பல. ஓராசிரியர் பள்ளி என்பது அன்று இயல்பான நிலை.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது தமிழ்ப்பள்ளிகள் எண்ணூறுக்கும் மேல் இருந்தன. அதன்பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சிறிய பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 530.

பள்ளிகள் குறைந்த அதே காலத்தில் ஆசிரியர் தகுதி உயர்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்களே பல தமிழ்ப்பள்ளிகளைத் தாங்கி நின்றனர். பள்ளி விடுமுறைகளில் கல்லூரிக்குச் சென்று படித்துப் பட்டயம் பெற்றவர்கள் அவர்கள். பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் ஆசிரியர் கல்விக் கழகங்களாக உயர்த்தப்பட்டு, 2007 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான இளங்கலைப் பட்டப்படிப்பும் அங்கே தொடங்கியது. இன்று ஆசிரியர் அறையில் பட்டதாரிகளைக் காண்பது புதுமையன்று.

கணக்கு எப்படி மாறியது?

நாடு முழுமைக்கும் பார்த்தால், தொடக்கப்பள்ளிகளில் 1970-களின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய முப்பது மாணவர்கள் இருந்தனர். 2000-ஆம் ஆண்டில் அது இருபதை ஒட்டி வந்தது. 2010-களில் பன்னிரண்டை நெருங்கியது. 2013-இல் வெளிவந்த மலேசியக் கல்விப் பெருந்திட்டமே, நம் விகிதம் வளர்ந்த நாடுகளின் சராசரியைவிடக் குறைவு என்று பெருமையோடு குறிப்பிட்டது.

தமிழ்ப்பள்ளிகளில் விகிதம் இன்னும் குறைவு. 2000-களின் பிற்பகுதியில் நம் பள்ளிகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் பயின்றனர். இன்று அந்த எண்ணிக்கை எண்பதாயிரத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. ஆசிரியர்களோ எண்ணாயிரத்திற்கும் மேல் இருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஆசிரியருக்குப் பத்துக்கும் குறைவான மாணவர்கள்! தாளில் பார்ப்பவருக்கு இது பொற்காலம்.

ஆனால், ஆசிரியர் பணியிடங்கள் தலைக்கணக்கில் தரப்படுவதில்லை. வகுப்புக் கணக்கில்தான் தரப்படுகின்றன. ஒரு வகுப்புக்கு ஒன்றரை ஆசிரியர் என்பது நெடுங்காலமாக நாம் அறிந்த அளவு. ஆறு வகுப்புகளில் வகுப்புக்கு முப்பது பேராக 180 மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கு ஒன்பது ஆசிரியர்கள் என்றால், வகுப்புக்குப் பத்துப் பேராக 60 மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கும் அதே ஒன்பது பேர்தான். முதற்பள்ளியின் விகிதம் இருபது. இரண்டாவது பள்ளியில் ஏழுக்கும் குறைவு. வேலையோ இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

விகிதம் சொல்லாதது

தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், நன்னெறி, உடற்கல்வி, கலை, இசை, வரலாறு ஆகிய அனைத்தையும் சிறிய பள்ளியும் நடத்தியாக வேண்டும். நூலகம், பாடநூல், புறப்பாடம், மாணவர் நலம், குறைநீக்கல் போதனை, விளையாட்டு ஆகிய எல்லாவற்றிற்கும் பொறுப்பாசிரியர் வேண்டும். அறுபது பிள்ளைகள்தாமே என்று எந்தக் கோப்பும் மெலிந்து வருவதில்லை. எந்த அறிக்கையும் பாதியாகக் குறைவதில்லை.

நான் பணியாற்றிய சிறிய பள்ளியொன்றில் ஓர் ஆசிரியை பேறுகால விடுப்பில் இருந்தார். அதே வாரத்தில் ஒருவர் பயிற்சிக்கும், இன்னொருவர் மாணவர்களோடு போட்டிக்கும் சென்றனர். மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே வகுப்பறையில் அமர்த்திக் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டுப் பாடம் நடத்தினேன். அன்றைக்கும் அப்பள்ளியின் விகிதம் ஏட்டில் ஏழாகவே இருந்தது! பெரிய பள்ளியில் மூவர் இல்லையென்றால் மற்றவர் இட்டு நிரப்புவர். சிறிய பள்ளியில் மூவர் இல்லையென்றால் பள்ளியில் மூன்றில் ஒரு பங்கே இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தோடு நாடளாவிய பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. 2021-இல் கல்வி அமைச்சு ஒரே முறையில் 18,702 ஆசிரியர்களைச் சேர்க்கும் சிறப்புத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. விருப்ப ஓய்வில் செல்வோரைப் பற்றியும் அக்காலந்தொட்டு அடிக்கடி பேசப்படுகிறது. சராசரி நன்றாக இருக்கும் நாட்டில்தான் இதுவும் நடந்தது.

அச்சம் எங்கே?

இன்றைய சுமையைவிட எனக்குக் கவலை தருவது நாளைய நிலைதான். மலேசிய இந்தியர்களின் பிறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு ஒன்றரைக் குழந்தைகூட இல்லை. முதலாம் ஆண்டில் பிள்ளைகள் குறைந்தால் வகுப்புகள் குறையும். வகுப்புகள் குறைந்தால் பணியிடங்கள் குறையும். பணியிடங்கள் குறைந்தால் ஆசிரியர் கல்விக் கழகங்களில் தமிழ்ப்பிரிவுக்கான இடங்களும் சுருங்கும். தமிழ் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை அறுபட்டுப் போனால், பிறகு பிள்ளைகள் வந்தாலும் கற்பிப்பவர் இருக்கமாட்டார். மூடிய பள்ளியைக்கூட மீண்டும் திறந்துவிடலாம். ஆசிரியத் தலைமுறையை ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது.

ஆகவே, மூன்று தரப்பினருக்கும் என் கருத்தைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

கல்வி அமைச்சுக்கு: சிறிய பள்ளிகளின் தேவையை விகிதத்தால் அளக்காதீர்கள்; பாடவேளைகளாலும் பொறுப்புகளாலும் அளந்திடுங்கள். நீண்ட விடுப்பில் செல்பவருக்குப் பதிலாக உடனே ஒருவரைத் தாருங்கள். அருகருகே உள்ள சிறிய பள்ளிகள் இசைக்கும் உடற்கல்விக்கும் ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யுங்கள்.

ஆசிரியர்களுக்கு: வகுப்பில் பத்துப் பேர்தான் என்பது நமக்கு ஓய்வன்று, வாய்ப்பு. பத்துப் பேரில் ஒருவர்கூட எழுத்தறியாமல் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லக்கூடாது. நம் சிறிய பள்ளிகளுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

பெற்றோர்களுக்கு: ஆசிரியர் எண்ணிக்கையைப் புத்ராஜெயா மட்டுமே முடிவு செய்கிறது என்று நினைக்காதீர்கள். முதலாம் ஆண்டுப் பதிவின்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளியும் அதை முடிவு செய்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் போதவில்லை என்று பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பினால், அடுத்த ஆண்டு அங்கே ஆசிரியர் இன்னும் குறைவார். பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: எத்தனை பணியிடங்கள்? எத்தனை நிரப்பப்பட்டுள்ளன? எந்தப் பாடத்தை அப்பாடத்தில் பயிற்சி பெறாதவர் நடத்துகிறார்?

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எல்லாத் தலைமையாசிரியர்களிடமும் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. வரும் கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள். கிடைத்த விடையை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்