மறைந்த பிழையும் தீர்ந்த பிழையும்

கணினி நிரல் பயில்வோரிடையே இந்நாளில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகின்றது. பிழையொன்று தோன்றிச் சிறிது நேரத்தில் தானே மறைந்துவிடின், அது தீர்ந்ததென மகிழ்ந்து வேறு வேலைக்குச் செல்கின்றனர். மறைந்த பிழை வேறு, தீர்ந்த பிழை வேறு என்பது நம் துணிபு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

நாமறிந்த விடுதிக் கணக்கு நிரல் ஒன்று. மாணவரின் முன்பணத்தினின்று உணவுக் கட்டணத்தைக் கழிப்பது ஒரு பதிவு. அத்தொகையை விடுதிக்கு வரவு வைப்பது மற்றொரு பதிவு. நிகழின் இரண்டும் நிகழவேண்டும். அன்றேல் இரண்டும் நிகழலாகாது. இதன்பொருட்டே தரவுத்தளங்களில் பரிவர்த்தனை என்னும் முறை அமைந்துள்ளது. பிகின் என்று தொடங்கிப் பதிவுகளைச் செய்து, குறையின்றேல் கமிட் என உறுதிசெய்வர். குறையுண்டேல் ரோல்பேக் என நீக்குவர். நிரலாசிரியர் இவையனைத்தையும் எழுதியே இருந்தார். தனியொருவராய்ச் சோதித்தபோது யாவும் செவ்வனே நடந்தன. கட்டண நாளில் பலர் ஒருங்கே வந்தபோதோ, சிலரது பணம் கழிந்தது, வரவு ஏறவில்லை. செலுத்திய ஏழை மாணவர் செலுத்தாதவராய் எண்ணப்பட்டார்.

சிலர் தரவுத்தளத்தைப் பழித்தனர். சிலர் நிரலை நிறுத்தி மீண்டும் இயக்கினர். மறுநாள் கூட்டமில்லை, பிழையும் இல்லை. தீர்ந்ததென்றனர்.

உண்மை யாது? போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனிச் செயலொன்றை நிறுத்துகின்றது. ஓர் இணைப்பில் தொடங்கிய பரிவர்த்தனை அவ்விணைப்புக்கே உரியது. நிரலோ, நோட்-போஸ்ட்கிரஸ் நூலகத்தின் இணைப்புத் தொகுப்பைக் கையாண்டது. வேறு கூறாவிடில் அத்தொகுப்பு 10 இணைப்புகள் வரை வைத்திருக்கும். ஒருவர் வரிசையாகப் பணிசெய்யுங்கால் முன்னைய இணைப்பே மீண்டும் வாய்க்கும். பலர் நெருங்குங்கால் பிகின் ஓரிணைப்பிலும், பதிவு மற்றொன்றிலும், ரோல்பேக் வேறொன்றிலும் செல்லும். பதிவு தானே உறுதிப்பட்டுவிடும். ரோல்பேக், நீக்குதற்குப் பரிவர்த்தனை எதுவுமில்லை என்ற எச்சரிக்கையோடு ஒழியும். முதலிணைப்போ திறந்த பரிவர்த்தனையுடன் வாளா கிடக்கும். பின்னர் அதில் விழும் பிறர் பதிவும் உறுதிபெறாது நிற்கும்.

இதனைக் கண்டறிய மந்திரம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு கட்டளையும் எந்த இணைப்பிற் சென்றது என்னும் ஒரு வினாவே போதும். போஸ்ட்கிரஸ் குறிப்பேட்டில் கட்டளைகள் யாவும் பதியுமாறு அமைத்து, ஒவ்வொரு வரியின் முன்னுமுள்ள செயல் எண்ணை ஒப்பிட்டால், பிகினும் ரோல்பேக்கும் வெவ்வேறு எண்களின்கீழ் நிற்றல் புலனாகும்.

ஈண்டு ஓர் இடறும் உண்டு. தொகுப்பை ஓரிணைப்பாகக் குறைத்தால் முன்னைய குறி மறையும். ஆயின் இருவர் கட்டளைகள் அவ்வொன்றிற் கலந்து, ஒருவரது ரோல்பேக் மற்றொருவரது பதிவை அழித்தல் கூடும். நோயினும் கொடிய மருந்து இது. தொகுப்பினின்று ஓரிணைப்பைத் தனியே பெற்று, பரிவர்த்தனை முழுவதையும் அதிலேயே நடத்தி, வென்றாலும் தோற்றாலும் திருப்பியளித்தலே முறை. பரிவர்த்தனையின் கட்டளைகள் யாவும் ஒரே இணைப்பிற் செல்லவேண்டுமென அந்நூலகத்தின் கையேடும் கூறுகின்றது.

"வேலை நடந்தாற் போதாதோ? காரணம் ஆராய நேரமேது?" என்பாருளர். கூட்டம் காத்து நிற்கையில் நிரலை மீண்டும் இயக்குதலை நாம் குறைகூறோம். குறிப்பேட்டைக் காத்து வைக்காமல் இயக்குவதையும், இயக்கியபின் ஆராயாது விடுவதையுமே குறைகூறுகின்றோம். அங்ஙனம் விட்ட பிழை அடுத்த கட்டண நாளில் மீண்டும் வரும். அதன் சுமையை நிரலாசிரியரன்று, பற்றுச்சீட்டைக் கையிலேந்தி நிற்கும் மாணவரே சுமப்பர்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! பிழை மறைந்தபோது மகிழாதீர். அஃது ஏன் வந்ததென்றும் ஏன் மறைந்ததென்றும் சொல்ல வல்லீராயின், அப்பொழுது மகிழ்வீராக.