வாசிக்காமலே மேடையேறிய நாங்கள்

சென்ற வருடம் எங்கள் ஊரில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சிறுகதைத் தொகுதி. எங்களுக்கெல்லாம் படிப்பித்தவர். அந்த மேடையில் எங்கள் பாடசாலையிலிருந்து மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கு வரவேற்புரை, ஒருவருக்கு நயவுரை, ஒருவருக்கு நன்றியுரை. மூவருமே அந்த நூலை வாசித்திருக்கவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அணிந்துரை, பின்னட்டை, முதல் கதையில் இரண்டு பக்கம். நயவுரைக்கான தயாரிப்பு அவ்வளவுதான். "மண்வாசனை", "யதார்த்தம்", "சமூக அக்கறை" என்ற மூன்று சொற்களை வைத்து இருபது நிமிடம் ஓட்டினோம். கைதட்டலும் கிடைத்தது, பொன்னாடையும் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து சேர் கோல் எடுத்தார்.

"எல்லாரும் நல்லாத்தான் பேசினீங்க தம்பி. ஆனா கடைசிக் கதையப் பத்தி ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லியே?"

"நேரம் போதாமப் போயிட்டு சேர்."

அன்று நள்ளிரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் நயவுரை செய்தவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "கடைசிக் கதைய வாசிங்க."

ஆறு பக்கக் கதை. சுனாமிக்குப் பிறகு, 2005இல் பாடசாலை மீண்டும் திறக்கிறது. வகுப்பாசிரியர் புதிய வரவு இடாப்பில் பெயர் எழுத உட்காருகிறார். பழைய இடாப்பைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார். எந்தெந்தப் பெயர்களை விட்டுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் முப்பத்தெட்டுப் பெயரையும் எழுதி முடித்துவிட்டு இடாப்பை மூடுகிறார். கதை அதோடு முடிகிறது.

இந்தக் கதையைப் பற்றி யாராவது ஒரு வசனம் சொல்வார்களா என்று அந்த மனிதர் இரண்டரை மணித்தியாலம் மண்டபத்தில் காத்திருந்திருக்கிறார். நாங்கள் மண்வாசனை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஓய்வுப் பாடவேளையில் மூவரும் ஒன்றாக இருந்தபோது, "இனி நிறைய வாசிக்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதை வருடா வருடம் சொல்கிறோம். ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பதாகை கட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பின் பயன் பற்றி உபதேசம் செய்கிறோம். நவம்பர் வந்ததும் பதாகையைச் சுருட்டி வைத்துவிடுகிறோம்.

அதனால் வேறொரு முடிவுக்கு வந்தோம். ஆளுக்கு மாதம் ஒரு நூல். அதைப் பற்றி ஒரு பக்க விமர்சனம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அது ஆசிரியர் ஓய்வறைக்கு வெளியே சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டாதவர் எல்லோருக்கும் தேநீரும் வடையும் வாங்கித் தர வேண்டும்.

நிறைய வாசித்தவர்தான் விமர்சனம் எழுதலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் அனுபவம் வேறு. விமர்சனம் எழுத ஒப்புக்கொண்டால்தான் நிறைய வாசிக்க முடிகிறது. "வாசிப்பேன்" என்று நமக்கு நாமே கொடுக்கும் வாக்கை மீறினால் கேட்க ஆளில்லை. சுவர் வெறுமையாக இருந்தால் எல்லோரும் கேட்பார்கள்.

வாசிக்கும் விதமும் மாறிவிடுகிறது. கையில் பென்சில் வருகிறது. ஓர் இடம் பிடித்திருந்தால் ஏன் பிடித்தது என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுத வராவிட்டால் திரும்பப் போய் வாசிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

ஓர் உதாரணம். சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார், ஈழத்தின் முதல் தமிழ் நாவலாக அது கொள்ளப்படுகிறது. இதை எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்போம்! ஆனால் எங்களில் ஒருவரும் அந்த நாவலை வாசித்ததில்லை. விமர்சனத்துக்காக எடுத்தபோதுதான் கதை எகிப்திலும் இந்தியாவிலும் நடப்பதே எங்களுக்குத் தெரிய வந்தது. கண்டியில் வாழ்ந்த ஒரு சட்டத்தரணி தன் கதைநாயகனை ஏன் அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்? இந்தக் கேள்வி வாசித்தவருக்கு மட்டும்தான் வரும். பத்து வருடமாக ஒரு புள்ளிக்கான விடையை மட்டும் படிப்பித்திருக்கிறோம்.

"நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாடக்குறிப்பு, தவணைப் பரீட்சை விடைத்தாள், மாலை வகுப்பு, வீட்டுப் பொறுப்பு எல்லாம் எங்களுக்கும் உண்டு. ஆனால் நாளொன்றுக்கு இருபது பக்கம் வாசித்தால் 200 பக்க நூல் பத்து நாளில் முடிந்துவிடும். இஷாவுக்குப் பிறகு தொலைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதி போதும்.

"எழுதுவதற்காக வாசித்தால் வாசிப்பும் வீட்டுப்பாடமாகிவிடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதில் உண்மை இருக்கிறது. ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், கைக்கு வரும் நூலுக்கெல்லாம் விமர்சனம் எழுதுபவர் கடைசியில் இல்லாத உணர்ச்சியை இருப்பதுபோல் எழுதத் தொடங்கிவிடுகிறார் என்று வருந்துகிறார். பெரும்பாலான நூல்களை விட்டுவிட்டு, முக்கியமான சிலவற்றைப் பற்றி விரிவாக எழுதுவதே நல்லது என்பது அவர் கருத்து. எங்கள் மேடை நயவுரைக்கு இது அப்படியே பொருந்துகிறது. எனவே ஒரு சலுகை வைத்தோம்: ஐம்பது பக்கம் வாசித்தும் மனம் ஒட்டாவிட்டால் நூலை மூடிவிடலாம். அதைப் பற்றி எழுதக் கூடாது. வேறு நூல் எடுக்க வேண்டும்.

கஷ்டமான விடயம் வேறொன்று. சின்ன ஊர். எழுதுபவர் யாரோ ஒருவரின் மாமா, அல்லது ஜும்ஆவில் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர். குறை சொல்வது எப்படி? நூலில் எங்களுக்குப் பட்ட ஒரு குறையைப் பக்க எண்ணோடு எழுத வேண்டும், ஆளைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது என்று விதி வைத்தோம். அப்படியும் ஒரு கவிஞர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது எங்களுக்குக் கவலைதான். என்றாலும் வாசிக்காமல் புகழ்ந்ததைவிட வாசித்துவிட்டுக் குறை சொன்னதே அவருக்கு நாங்கள் செய்த மரியாதை என்று நம்புகிறோம்.

என். செல்வராஜா தொகுத்துவரும் 'நூல்தேட்டம்' ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்களைப் பதிவு செய்கிறது. தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு நூல்களுக்கும் முழுதாக வாசித்த ஒருவரின் அபிப்பிராயம் எத்தனைக்குக் கிடைத்திருக்கும்? டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' போன்ற சஞ்சிகைகள் வந்த காலத்தில் அதற்கு ஓர் இடமாவது இருந்தது. இப்போது அட்டைப்படத்தைப் போட்டு "வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

சென்ற மாதம் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் விமர்சனம் ஒன்றின் கீழே பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "சேர், அந்தத் தாய் மௌத்தாகவில்லை. 74ஆம் பக்கம் பாருங்கள்." பார்த்தோம். பிள்ளை சொன்னதுதான் சரி. தரம் 10 மாணவி ஒருத்தி, சுவரைப் பார்த்துவிட்டு நூலகத்தில் அதே நூலை எடுத்து வாசித்திருக்கிறாள். எங்கள் பதாகைகள் இத்தனை வருடமாகச் செய்யாததை எங்கள் பிழை செய்துவிட்டது.

சேரின் கடைசிக் கதையைப் பற்றி எழுதிய பக்கத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். பாராட்டுக்கு நன்றி சொல்லவில்லை. "இப்ப வாசிச்சிட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

வரும் ஒக்டோபரில் பதாகை கட்டுவதற்கு முன், ஆசிரியர்களாகிய நாம் ஆளுக்கொரு நூலை முழுதாக வாசித்து, ஒரு பக்கம் எழுதி, பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவோமா? பிழை இருந்தால் அவர்கள் திருத்துவார்கள்.