அடுப்படிக்கும் ஒரு சங்கம் வேண்டும்

சம்பளத்திற்காகச் சங்கம் அமைத்தோம். வீட்டுக்காகவும் தண்ணீருக்காகவும் சங்கத்தின் மூலம் பேசினோம். ஆனால் வாங்கிய சம்பளம் மளிகைக் கடையில் கரையும்போது மட்டும் நாம் தனித்தனி ஆளாக நிற்கிறோம். பால் காட்டில் ஒற்றுமை. கடை வாசலில் தனிமை! இந்த முரண்பாட்டைப் பால்வெட்டும் தோழர்களும் கிராணிமார்களும் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

கெடா இந்நாட்டின் நெற்களஞ்சியம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியபோது நம் நிலை என்ன? விலைக்கட்டுப்பாட்டிலிருந்த உள்நாட்டு அரிசி கடைகளில் கண்ணில் படவில்லை. நெல் விளையும் மாநிலத்தில் அரிசி தேடி அலைந்தோம். உணவு விஷயத்தில் நம் கையில் எதுவும் இல்லை என்பதை அந்த நாட்கள் எடுத்துக் காட்டின.

கையில் எதுவும் இல்லாமலே நாம் வாழ்ந்தவர்கள் அல்லர். ஐக்கிய மலாய் நாடுகளின் பழைய தொழிலாளர் சட்டமே, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஒதுக்க வகை செய்திருந்தது. ஜப்பானியர் காலத்தில் உயிரைக் காத்தது தோட்டத்து மரவள்ளிக் கிழங்கு. இன்றும் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் லயத்துப் பின்புறம் வெண்டையும் பயற்றங்காயும் கீரையும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தத் துண்டு நிலத்திற்குக் காகிதம் ஏதும் உண்டா? தோட்டம் கைமாறினால், ரப்பர் போய்ச் செம்பனை வந்தால், செம்பனையும் போய் வீடமைப்பு வந்தால், முதலில் அழிவது அந்தக் காய்கறிப் பாத்திதான். கேட்பதற்கு உரிமையில்லை, ஏனெனில் எழுத்தில் ஒன்றும் இல்லை.

ஆகவே சட்டம் நமக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, ஒன்று சேரும் வழி. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது சங்கம். பதிவு செய்தாக வேண்டும். வாங்கி விற்பது, விளைவித்துப் பகிர்வது என்று வருமானால் 1993-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே பொருத்தமானது. இதன்கீழ்ப் பதிவாகும் சங்கம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் போன்றது. தன் பெயரில் நிலம் வைத்திருக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம். பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். பதிவு செய்வது மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையம்.

இரண்டாவது, நிலத்திற்கு வழி. அரசாங்க நிலம் வெறுமனே கிடந்தால், தேசிய நிலச் சட்டத்தின்கீழ் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி கேட்டு நில அலுவலகத்தில் விண்ணப்பம் செய்யலாம். நம் வட்டாரத்திற்கு அது சுங்கைப் பட்டாணியில் உள்ளது. இந்த அனுமதி அந்தந்த ஆண்டு முடிவோடு தீரும்; புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்தது. தனி ஆள் பெயரில் எடுத்தால் அவரோடு தோட்டமும் போகும். கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் எடுத்தால், ஒருவர் போனாலும் சங்கம் நிற்கும். தோட்ட நிலமோ கம்பெனிக்குச் சொந்தம். அங்கே இந்த அனுமதி செல்லாது. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் இசைவு வாங்க வேண்டும். துரை வாய்மொழியாகச் சொன்னது அடுத்த துரையைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது, கடைக்கு வழி. சம்பளத்தை இன்ன கடையில், இன்ன விதமாகத்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். நாமே மொத்தமாக அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிப் பகிர்ந்துகொள்ள எவரும் தடை சொல்ல இயலாது.

இது கனவல்ல. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844-இல் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சேர்ந்து மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கக் கடை திறந்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அதிலிருந்தே வழி கண்டது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை நூறாண்டைத் தாண்டியது. இவை வெளியூர்க் கதை என்பீர்களானால், நம் கெடாவையே பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்! பத்து வெள்ளி தோட்டம் வாங்கியது என்றால், ஒரு பாத்தி நிலத்தையும் ஒரு சிறு பண்டகசாலையையும் காப்பாற்றாதா?

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. கூட்டுறவு என்ற பெயரே காவல் ஆகிவிடாது. 1986-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஏழைகள் பலர் சேமிப்பை இழந்து தவித்தனர். கணக்குப் பார்க்காத சங்கம் கரையான் புகுந்த வீடு. ஆதலால் முதல் நாளிலிருந்தே வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடனுக்குக் கொடுக்காதீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பெரட்டுப் புத்தகம் எழுதும் கிராணிமார், இந்தக் கணக்கையும் எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும். அதுவே அவர்கள் படித்த படிப்பின் பயன்.

சட்டத்தில் குறையும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு வாக்காளர் சேர்ந்து காய்கறி நிலம் கேட்டால் உள்ளூர் மன்றம் அதைக் கவனித்தாக வேண்டும் என்றது. 2011-இல் வந்த சட்டம், மக்கள் பயன்படுத்தும் இடம் விலைக்கு வரும்போது அவர்கள் பணம் திரட்டி வாங்க முயல ஆறு மாத அவகாசத்திற்கு வகை செய்தது. அங்கும் உரிமையாளர் அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் முன்கூட்டியே தெரியவந்தது. நமக்கோ, அளப்பவர் சங்கிலியோடு வந்து நிற்கும்போதுதான் தோட்டம் விற்றுப்போனது தெரிகிறது. தோட்டம் விற்கப்படுமுன் தொழிலாளருக்கு ஆறு மாத அறிவிப்பு வேண்டும். இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் வற்புறுத்துவோம்.

தோழர்களே! வரும் சம்பள நாளுக்குப் பிறகு ஒவ்வொரு கிளையும் ஒரு மாலை கூடட்டும். பெண்களைக் கட்டாயம் அழையுங்கள். அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்ற கணக்கு அவர்களிடமே சரியாக இருக்கிறது. யார் யார் சேர்கிறார்கள், எந்த நிலம், யார் கணக்கு எழுதுவது ஆகிய மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். எழுதி வைத்தது நிற்கும்.