மஹாபொல தருமம் அல்ல, நாம் முன்கூட்டியே கட்டிய பணம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நம் மலையகப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். அங்கே படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, போட்டோப் பிரதி, ஊருக்கு வந்து போகும் பஸ் காசு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் போய்த் திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கும் பிள்ளைக்கு மஹாபொலதான் சோறு.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மாணவர் உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. இதை வரவேற்கிறோம். ஆனால் 2024 இல் வர்த்தமானியில் வந்த நம் நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 7,500 என்பது ஆறு நாள் சம்பளம் கூட இல்லை. 2025 இல் அதை வைத்து ஒரு பிள்ளை ஒரு மாதத்தை ஓட்ட வேண்டியிருந்தது. தவணை பிந்தினால் கடைக் கடன்தான். அந்தக் கடன் லயத்துக்கு வருகிறது. அரைப் பேர் விழுந்த மாதத்தில் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது.

மஹாபொல யாரும் இரங்கிக் கொடுப்பதல்ல. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது, 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் அந்த நிதியம் அமைக்கப்பட்டது. அபிவிருத்தி லொத்தரின் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சம்பள நாளில் டவுனுக்குப் போய் லொத்தர் சீட்டு வாங்குவது யார்? நாமும்தானே. பிள்ளை பிறக்கும் முன்பே அதன் படிப்புக்கு நாம் கட்டத் தொடங்கிவிட்டோம்.

அந்தப் பணத்துக்குக் காவல் வேண்டும். மஹாபொல நிதியத்தின் பணமும் சேர்ந்து மாலபேயில் எழுந்தது ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். அது நிதியத்தின் கையை விட்டுப் போன விதத்தை 2021 இல் பாராளுமன்றத்தின் கோப் குழு விசாரித்தது. விசாரணையோடு விட்டால் போதாது. சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பெற்றோர் கல்லூரிக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டும் அரச திட்டம் ஒன்று இருந்தது. 2008 பங்குச் சந்தைச் சரிவில் அதன் நிதி கரைந்தது. 2010 இல் அங்குள்ள சட்டசபை 50 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. அதுவும் போதவில்லை. இறுதியில் 2010 ஆம் ஆண்டுக் கட்டண அளவுக்கு மட்டுமே பணம் தருவதாக முடிந்தது. மீதியைப் பெற்றோர் கட்டினார்கள். சட்டத்தில் உறுதி இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, விலைவாசி ஏறும்போது உதவித்தொகையும் தானாக ஏறச் சட்டத்தில் வழி வேண்டும். இரண்டாவது, பணம் தரும் திகதி சட்டத்தில் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, நிதியத்தின் வரவு செலவு ஆண்டுதோறும் தமிழிலும் வெளிவர வேண்டும். நான்காவது, நம் சம்பளம் சிறிது ஏறியதைக் காட்டி, வருமானம் கூடிவிட்டது என்று பிள்ளைகளின் உதவியை வெட்டக் கூடாது.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. அவை அரசின் கைக்கு வர 1970கள் வரை காத்திருந்தோம். இன்னொரு தலைமுறை காத்திருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும். உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை உள்ள வீட்டில் உதவி விண்ணப்பம் நிரப்பப்பட்டுவிட்டதா என்று தலைவர்மார் போய்க் கேட்க வேண்டும்.