இலக்கணம் தடையாகுமா?

பேசிப் பழகினால் ஆங்கிலம் தானே வந்துவிடும், இலக்கணம் மாணவனின் நாவைக் கட்டிவிடும் என்று நாகப்பட்டினத்து நண்பர் ஒருவர் வெளியிட்டிருக்கும் அபிப்பிராயத்தை நான் முற்றிலும் மறுக்கிறேன். வீட்டிலும் வீதியிலும் அம்மொழியைக் கேட்டு வளரும் குழந்தைக்கு அவர் கூற்று பொருந்தும்; வகுப்பறைக்கு வெளியே அதைக் கேட்கவே வழியில்லாத கீழ்வேளூர்ச் சிறுவனுக்கு அது பெரும் அநியாயம்.

'ராமன் கண்ணனை அடித்தான்' என்பதில் சொற்களை எவ்வாறு இடம் மாற்றினாலும், ஐயுருபு உள்ளவரை அடிபட்டவன் கண்ணனே என்று பழகிய அவனுக்கு, ஆங்கிலத்தில் பெயர்களின் ஸ்தானம் மாறினால் அடித்தவனே மாறிவிடுவான் என்பதையும், 'அவர் ஆசிரியர்' என்று வினைச்சொல் இன்றியே நம்மிடம் நிறைவுறும் வாக்கியம் அங்கே வினையின்றி நில்லாது என்பதையும் எடுத்துரைக்காமல், வெறும் சம்பாஷணை எத்தனை காலத்தில் உணர்த்தும்?

நாகைக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் எழுதித் தமிழ் பயின்றவர். நண்பருடைய கட்சிக்கு அவரினும் சிறந்த சாட்சி கிடைப்பதரிது. ஆயினும் அவரே, ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கென்று லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் இயற்றி, 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிடுவித்தார். அந்த உபகாரத்தை நம் பிள்ளைகளுக்கு மறுப்பது எந்த நியாயத்தால்?