பேய்க்கும் பாரபட்சமா?

நான் பேய்க்கதைகளுக்கு விரோதி அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன் பேயைப் பகைத்துக்கொண்டால் பிழைப்பு என்னாவது? என் சண்டை பேய்களோடு அல்ல. எந்த ஆவி உலவலாம், எது உலவக்கூடாது என்று உத்தரவு போடுகிறார்களே, அவர்களோடுதான்.

அமெரிக்காவில் தென் கரோலினாவின் கடற்கரையில் சார்ல்ஸ்டன் என்ற பழைய துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1670-இல் ஆங்கிலேயர் குடியேறி உண்டாக்கிய ஊர். இருட்டியதும் அங்கே பேய் உலவும் இடங்களைக் காட்ட ஆட்களை அழைத்துப் போவது ஒரு வியாபாரம். 1802 முதல் 1939 வரை சிறைச்சாலையாக இருந்த கட்டடம் அதில் முக்கிய க்ஷேத்திரம். அங்கே உலவுகிறவள் லவீனியா ஃபிஷராம். விடுதி நடத்தி, வந்து தங்கிய வழிப்போக்கர்களை விஷம் வைத்துக் கொன்றவள். கல்யாண உடுப்போடு தூக்குமேடை ஏறியவள் என்று கதை. 1820-இல் அவளையும் அவள் கணவனையும் தூக்கிலிட்டது உண்மை. ஆனால் தண்டனை வழிப்பறிக்கு, கொலைக்கு அல்ல. விஷம் கலந்தவர்கள் கதை சொன்னவர்கள்தான்.

போகட்டும், கதைக்குக் கால் உண்டா, கை உண்டா? ஆனால் அதே சிறைக்குப் பக்கத்தில் 'வொர்க் ஹவுஸ்' என்று இன்னொரு கட்டடம் இருந்தது. எஜமானர்கள் கட்டணம் கட்டித் தங்கள் அடிமைகளை அங்கே அனுப்பிச் சவுக்கடி கொடுக்க வைத்தார்கள். டென்மார்க் வெஸி என்று ஒரு தச்சர். லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொடுத்து 1799-இல் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கியவர். அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று 1822-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்கில் அவரோடு சேர்த்து உயிர் விட்டவர்கள் 35 பேர். வழிப்பறிக்காரிக்கு இருநூறு வருஷப் புகழ். இந்த 35 பேரில் எத்தனை பேருடைய பெயர் அந்த ராத்திரி உலாவில் ஒலிக்கிறது?

1771-இல் கட்டி முடித்த எக்ஸ்சேஞ்ச் மாளிகையைப் பாருங்கள். சுதந்திர யுத்தத்தின்போது பிரிட்டிஷ் படை அதன் நிலவறையில் கைதிகளை அடைத்தது. அவர்களுடைய முனகல் இன்னும் கேட்கிறது என்கிறார்கள். கேட்கட்டும். அதே மாளிகையின் வடக்குச் சுவருக்கு வெளியே பட்டப்பகலில் மனிதர்களை ஏலம் போட்டார்களே! தாயை ஒருவன் வாங்க, பிள்ளையை வேறொருவன் வாங்கிப் போகக்கூடிய சந்தை அது. 1856-இல் நகரசபை தடுத்தது விற்பனையை அல்ல, அது தெருவில் நடப்பதை மட்டும்தான். வியாபாரம் மதிலுக்குள் போயிற்று. நிலவறையின் முனகலைக் கேட்கிற காதுக்கு, சுவருக்கு வெளியே எழுந்த அழுகை எட்டாதது ஏன்?

"பொழுதுபோக்கில் சரித்திரப் பாடம் எதற்கு, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். பேய்க்கதையின் தர்மமே அதுதான் என்பது என் பதில். நம் பழையனூர் நீலி எதற்காகத் திரும்பி வந்தாள்? வேடிக்கை காட்டவா? நியாயம் கேட்க வந்தாள். நியாயம் கிடைக்காதவர்கள் திரும்பி வருவார்கள் என்ற அச்சத்தில் பிறந்த கதைகள் இவை. அந்த அச்சத்தை எடுத்துவிட்டு வெள்ளை உடுப்பை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது கதையல்ல, துணிக்கடைப் பொம்மை.

அடிமைகளையும் பேயாக்கி டிக்கெட் விற்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது இன்னொரு ஏலம். உயிரோடு இருந்தபோது விற்றது போதும். நான் கேட்பது அற்ப விஷயம்: செய்யாத கொலையைச் செத்துப்போனவள் தலையில் கட்டாதீர்கள், செய்த அநியாயத்தை மறைக்காதீர்கள்.

2018-இல் அந்த நகரசபையே அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டது. ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கிய காட்ஸ்டன் துறையில் 2023-இல் அவர்களுக்கென்று ஒரு மியூசியம் திறந்தார்கள். நகரசபைக்கு வந்த துணிச்சல் கதைசொல்லிக்கு வராமல் போனால், அது எங்கள் ஜாதிக்கே அவமானம். நான் சொல்லும் ஜாதி, கதை சொல்லிப் பிழைக்கும் ஜாதி.